காடி இழைப்போம்



கோலார் தங்கவயலில் ஆனியும் ஆடியும் காற்றுக் காலம். அந்நாட்களில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் வாழும் நம் மக்கள் வெளியே உலர்த்திய துணியை எடுப்பதற்கு முன்னர்ச் சன்னலைத்தான் சாத்துவார்கள். காரணம், ஊருக்குள் நிற்கும் சயனைடு மேடுகள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்ற நாள் முதல், 2001 பிப்ரவரி 28-இல் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட நாள் வரை, பூமிக்குள்ளிருந்து பாறையை எடுத்து, மாவாக அரைத்து, பொன்னைப் பிரித்தெடுத்தார்கள்; பின்னாளில் அதற்குச் சயனைடு கரைசலைப் பயன்படுத்தினார்கள். பொன் ஊரை விட்டுப் போயிற்று. மாவு ஊரிலேயே தங்கிவிட்டது. 13 மேடுகளில் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் உள்ளதென்று கணக்கு. அவற்றில் எஞ்சியுள்ள பொன்னை எடுக்க ஏலம் விடும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கருநாடக அமைச்சரவை இசைவு அளித்தது. அகழும் பணி நடக்குமானால் தூசி முன்னிலும் மிகுதியாகக் கிளம்பக் கூடும். சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயைச் சுரங்கத் தொழிலாளர் வழியே அறிந்த ஊர் இது. ஆகவே வீட்டுக்குள் வரும் தூசியை இங்கு யாரும் எளிதாக எண்ணுவதில்லை.

சன்னலைச் சாத்திய பின்னும் காலையில் அரிசிப் பானை மூடியின் மேல் விரலால் கோடு இழுக்கலாம். அத்தூசி எவ்வழியே வந்தது? பலகையைத் துளைத்து வரவில்லை. கதவு நிலையைத் தொடும் நான்கு பக்கங்களிலும், இரண்டு கதவுகள் ஒன்றையொன்று சந்திக்கும் நடுக்கோட்டிலும் வந்தது. அவ்விடங்களில் தச்சன் என்ன செய்தான் என்பதைப் பொறுத்தே வீட்டுக்குள் வரும் தூசி அமைகிறது. இன்றைய பேச்சு அந்த இடங்களைப் பற்றியது. அங்கே காடி எடுக்கப் பயன்படும் ஓர் இழைப்புளியைப் பற்றியது.

காடி என்றதும் புளித்த கஞ்சியை நினைக்க வேண்டா. மரச் சட்டத்தின் ஓரத்தில் நீளவாக்கில் படிபோல் வெட்டி எடுக்கும் பள்ளத்தையே இங்குக் காடி என்கிறோம். பல பட்டறைகளில் இதனை ‘ரிப்பேட்’ என்றே வழங்குகிறார்கள். அதற்கு ஒரு தரையும் ஒரு சுவரும் உண்டு. மற்ற இரு பக்கமும் திறந்திருக்கும். நிலைச்சட்டத்தில் இக்காடியை எடுத்தால் கதவு அதற்குள் போய் அமர்கிறது. கண்ணாடிச் சட்டத்தில் எடுத்தால் கண்ணாடி அமர்கிறது. இரட்டைக் கதவின் நடுச் சட்டங்களில் ஒன்றுக்கு உட்புறமும் மற்றதற்கு வெளிப்புறமும் எடுத்தால், சாத்தும்போது ஒன்றின்மேல் ஒன்று படிந்து நடுக்கோடு மறைகிறது. காற்று நேராக நுழைய இயலாது, வளைந்துதான் வரவேண்டும். வளையுமிடத்தில் வேகம் குறைகிறது. தூசியிற் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது.

இப்போது பல வீடுகளில் காடிக்கு மாற்றாக ஒரு குறுக்கு வழி கையாளப்படுகிறது. சதுரமான நிலைச்சட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அதன் உட்புறத்தில் மெல்லிய பட்டி ஒன்றை ஆணியால் அறைந்துவிடுகிறார்கள். கதவு அந்தப் பட்டியின் மேல் மோதி நிற்கிறது. வேலை விரைவு, மரமும் மிச்சம். ஆனால் பட்டிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு பிளவு பிறந்துவிடுகிறது. ஓராண்டு வெயிலில் பட்டி சுருங்கும், ஆணி நெகிழும், கதவு மோத மோதப் பட்டி பின்வாங்கும். ஒரே மரத்தில் வெட்டிய காடிக்கு இந்தப் பிணி இல்லை, பிரிவதற்கு அங்கே இரண்டு துண்டுகள் இல்லாமையால். ஏற்கனவே மாட்டிய பழைய நிலைக்குப் பட்டி அறைவதை நாம் குறை கூறவில்லை. அங்கு வேறு வழியில்லை. புதிதாக மரம் வாங்கிச் செய்பவர் பட்டி அறைவதுதான் நமக்கு ஒப்பவில்லை.

இனி இழைப்புளிக்கு வருவோம். இழைப்பு, உளி என்னும் இரு சொற்களும் சேர்ந்ததே இழைப்புளி. புளிக்கும் இதற்கும் உறவில்லை. பம்பாய்த் தச்சரிடம் போய் இழைப்புளி கேட்டால் விழிப்பார். ‘ரந்தா’ என்றால் எடுத்துக் கொடுப்பார். தெலுங்கர் ‘சித்ரிக’ என்பார். மலையாளி ‘சிந்தேரு’ என்பார். அளவுச் சொல்லில் மட்டும் நமக்கும் இந்திக்காரருக்கும் ஓர் ஒற்றுமை. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாம் ‘நூல்’ என்கிறோம்; அவர் ‘சூத்’ என்கிறார். இரண்டிற்கும் பொருள் ஒன்றே.

சாதாரண இழைப்புளியால் காடி எடுக்க முடியாது. அதன் அலகு உடலின் இரு பக்கச் சுவர்களுக்கு உள்ளே அடங்கி நிற்பதால் மூலை வரை வெட்டாது. காடிக்கு வேண்டியது, அலகு உடலின் முழு அகலத்துக்கும் நீண்டிருக்கும் இழைப்புளி. முன்னாளில் நம் தச்சர்கள் இதனை மரத்தாலேயே செய்துகொண்டார்கள். குறுகிய கட்டை, அதில் சாய்வாக ஓர் அலகு, ஓர் ஆப்பு, அவ்வளவே. கோடு பிறழாமலிருக்கச் சட்டத்தின் மேல் ஒரு நேர்ப்பட்டியை ஆணியால் இறுக்கி, அதன் ஓரமாகத் தள்ளுவார்கள். வேலை நன்றாகவே வரும். ஆயினும் ஒவ்வொரு சட்டத்துக்கும் பட்டியை மாற்றி அறைய வேண்டும். ஆழத்தை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு ஸ்டான்லி நிறுவனத்தார் 78 என்னும் எண்ணிட்டு ஓர் இரும்பு இழைப்புளியை வெளியிட்டார்கள். பின்னர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ரெக்கார்டு நிறுவனத்தார் 078 என்று அதே அமைப்பில் செய்தார்கள். நம் நாட்டில் அனந்த் என்னும் பெயரிலும் வந்துள்ளது. ஏறக்குறைய எட்டரை அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம். ஒரு துணிப்பைக்குள் அடங்கும். தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறி 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் தொழிலாளருக்கு இது சிறிய வசதியன்று. சுரங்கம் மூடிய பின்னர் அந்த ரயிலே பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது.

இக்கருவியின் உறுப்புகளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். உடலில் அலகு அமர இரண்டு இருக்கைகள் உண்டு. நடுவிலுள்ளது வழக்கமான வேலைக்கு. முன்மூக்கின் அருகிலுள்ளது, பள்ளம் முடியும் மூலையை நெருங்கி இழைப்பதற்கு. பக்கத்தில் ஒரு கம்பி. அதில் நகரும் இரும்பு வேலி. காடியின் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்கு வேலியை நிறுத்தித் திருகினால், அதற்குமேல் இழைப்புளி உள்ளே போகாது. வலப்பக்கம் ஆழத்தடை ஒன்று உண்டு. வேண்டிய ஆழம் வந்ததும் அது மரத்தின் மேல் உட்கார்ந்துவிடும். அதன்பின் எத்தனை முறை தள்ளினாலும் சுருள் வராது. அதே பக்கத்தில் வில்வ இலைபோல் மூன்று இதழ் கொண்ட ஒரு சிறு கத்தி இருக்கிறது. மரநாருக்குக் குறுக்கே காடி எடுக்கும்போது ஓர் இதழைக் கீழ்நோக்கித் திருப்பினால், அது அலகுக்கு முன்னே சென்று நாரை அறுத்துவிடும். நாரோடு செல்லும் வேலையில் அதற்குப் பணியில்லை. மூன்று இதழும் உள்ளடங்குமாறு திருப்பி வைக்கலாம்.

மரத்தால் செய்த பழைய இழைப்புளியும், தனித்தனியே வைத்திருந்த பட்டியும், அளவுகோலும், குறுக்கே அறுக்கும் சிறு வாளும் ஆக நான்கு பொருள்களின் வேலையை இந்த ஒன்று செய்கிறது. எல்லா வேலையையும் ஒரே தரத்தில் செய்கிறது என்று சொல்வதற்கில்லை. முன் இருக்கையில் அலகைத் துல்லியமாக ஏற்றி இறக்க நெம்புகோல் கிடையாது. கையால் தட்டித்தான் சரிசெய்ய வேண்டும். மேலும், அலகின் மேல் சுருளை முறிக்கும் இரண்டாம் தகடு இல்லை. ஆகவே நார் எதிர்த்து வரும் மரத்தில் தரை பிய்ந்துகொள்ளும். ஒற்றைக் கம்பி கொண்ட வகைகளில் வேலி சற்று ஆடும். வேலியில் துளைகள் இருந்தால், அதன் முகத்தில் ஓரடி நீளமுள்ள நேரான மரப்பட்டியைத் திருகாணியால் பொருத்திக்கொண்டால் ஆட்டம் பெரிதும் குறைந்துவிடும்.

வேலை செய்யும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம். மூன்றரையடி உயரமுள்ள இரட்டைக் கதவுச் சன்னல். சட்டத்தின் கனம் 10 நூல், அதாவது ஒன்றேகால் அங்குலம். நடுவில் இரு கதவுகளும் 4 நூல் அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். இங்கே மரம் அறுப்பதற்கு முன்பே ஒரு கணக்குப் போட வேண்டும். 4 நூல் படிவதால், இரு கதவுகளின் அகலத்தைக் கூட்டினால் திறப்பைவிட 4 நூல் மிகுதியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கதவையும் 2 நூல் அகலம் கூட்டிச் செய்ய வேண்டும். இதை மறந்து திறப்பின் பாதிப் பாதியாகச் செய்துவிட்டால், காடி எடுத்தபின் நடுவில் விரல் நுழையும் சந்து விழும். அந்தக் கதவைக் காப்பாற்ற, வெளிப்புறம் ஒரு மூடுபட்டி அறைவது தவிர வழியில்லை.

காடியின் அகலம் 4 நூல். ஆழம் சட்டத்தின் கனத்தில் பாதி, 5 நூல். கோடு கீறும் கட்டையால் முகத்திலும் ஓரத்திலும் கோடு கீறிக்கொள்ள வேண்டும். வேலியும் தடையும் இருக்கும்போது கோடு எதற்கு என்று கேட்கலாம். இழைப்புளி சாய்ந்து போகிறதா என்பதைக் கண் உடனே காணக் கோடு வேண்டும்; திருகு நெகிழ்ந்து வேலி நகர்ந்தாலும் கோடுதான் காட்டிக் கொடுக்கும்.

அலகை அமைப்பதில்தான் இவ்வேலையின் நுட்பம் இருக்கிறது. அலகின் நுனி, காடியின் சுவர்ப் பக்கத்தில், உடலைவிட ஒரு மயிரளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும். உடலோடு சமமாகவோ உள்ளடங்கியோ இருந்தால், ஒவ்வொரு தள்ளலிலும் அலகு மூலையில் ஓர் இழை மரத்தை விட்டுவிட்டுச் செல்லும். அடுத்த தள்ளலில் இழைப்புளியின் பக்கம் அந்த இழையின் மேல் உரசி மேலும் வெளியே தள்ளப்படும். 5 நூல் ஆழம் போவதற்குள் செங்குத்தாக இருக்க வேண்டிய சுவர் வரப்புபோல் சரிந்திருக்கும். வேலி கோணல் என்று பலர் வேலியைத் திருகிக்கொண்டிருப்பார்கள், குற்றம் வேலியிலன்று. மிகுதியாக நீட்டினாலும் சுவரைச் சுரண்டிவிடும். இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பக்கத்தோடு நேரான ஒரு மரத்துண்டை வைத்து இழுத்தால், அலகு அதனைச் சற்றே தொட்டு உணர்த்த வேண்டும். அந்தத் தொடுகையே அளவு.

தொடங்குவது நமக்கு எதிரிலுள்ள கோடியில். அங்கே ஒரு சாண் நீளத்துக்குக் குறுந்தள்ளலாக நாலைந்து முறை தள்ளி, பிறகு ஒரு சாண் பின்வாங்கி, அங்கிருந்து முன்னே வெட்டிய பள்ளம் வரை தள்ள வேண்டும். இவ்வாறு பின்வாங்கிப் பின்வாங்கி நம் பக்கத்துக் கோடி வரை வந்துவிட்டால், சட்டம் முழுதும் ஒரு மெல்லிய தடம் விழுந்துவிடும். அதன்பின் முழு நீளத்துக்கும் தள்ளலாம். முதல் தள்ளலிலேயே முழு நீளம் போக முயன்றால் இழைப்புளி நாரின் போக்கில் நழுவும்; தடம் விழுந்த பிறகு அதனைத் திருத்துவது கடினம்.

இரு கைக்கும் ஒரே வேலையன்று. வலக்கை தள்ளுவதற்கு மட்டும். இடக்கையின் வேலை, வேலியைச் சட்டத்தின் ஓரத்தோடு அழுத்திப் பிடிப்பது. பழகாதவர்கள் இரு கையாலும் கீழ்நோக்கி அழுத்துவார்கள். உடலின் ஒரு பகுதிதான் மரத்தின் மேல் இருக்கிறது. மறுபகுதி காற்றில் தொங்குகிறது. ஆதலால் கீழே அழுத்த அழுத்த இழைப்புளி வெளிப்புறம் சாயும். காடியின் தரையும் சாய்ந்துவிடும். நாலைந்து தள்ளலுக்கு ஒருமுறை மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பது நலம். 5 நூல் நெருங்கும்போது அலகைச் சற்று உள்ளிழுத்து மெல்லிய சுருளாக எடுத்தால் தரை வழுவழுப்பாக வரும்.

குறுக்குநாரில் காடி எடுக்க நேர்ந்தால், வில்வக் கத்தியை இறக்கிவிட்டு, இழைப்புளியை முதலில் நம்மை நோக்கிப் பின்னுக்கு இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். நார் கோட்டின் மேல் அறுபடும். அதன்பிறகே முன்னே தள்ள வேண்டும். வெளியேறும் கோடியில் மரம் சில்லாகத் தெறிக்காதிருக்க ஒரு வேண்டாத துண்டை அண்டக் கொடுத்து இறுக்கிக்கொள்வார்கள்.

கோத்து முடித்த சட்டத்திற்குள் கண்ணாடிக்குக் காடி எடுப்பது சற்றுத் தொல்லை. அலகை முன் இருக்கைக்கு மாற்றினால் மூலைக்கு மிக அருகே போகலாம். மூக்கின் கனமளவு மரம் அப்போதும் எஞ்சும். அதனை உளியால்தான் எடுக்க வேண்டும். இந்த இழைப்புளி மூலை வரை எல்லாவற்றையும் தானே முடித்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டா. கோப்பதற்கு முன்பே காடி எடுத்துவிடுவதுதான் அறிவுடைமை. அப்போது மூலைப் பொருத்துகளைக் காடிக்குத் தக்கவாறு வெட்டிக்கொள்ளலாம்.

மின்சாரத்தால் ஓடும் ரூட்டர் இதே காடியைச் சில நிமிடங்களில் எடுத்துவிடுமே என்று பெங்களூரில் வேலை செய்யும் இளைஞர்கள் கேட்பார்கள். எடுக்கும், மறுப்பில்லை. அடுக்குமாடி ஒன்றிற்கு 100 சன்னல் செய்பவர் இழைப்புளியைத் தொட வேண்டியதில்லை. இரண்டு சன்னலைப் பழுது பார்க்கப் போகிறவர் நிலை வேறு. ரூட்டரை அமைத்து, சோதனைத் துண்டில் ஓட்டி, திருத்தும் நேரத்தில் இழைப்புளி ஒரு சட்டத்தை முடித்திருக்கும். இன்னொன்றும் உண்டு. ரூட்டர் மரத்தைத் தூளாக்கிக் காற்றில் எறிகிறது. இழைப்புளி சுருளாக எடுத்துக் காலடியில் போடுகிறது. தங்கவயல் வீடு ஒன்றின் அறைக்குள் வேலை செய்யும்போது இந்த வேறுபாடு பெரிது.

பழைய இரும்புக் கடைகளில் இத்தகைய இழைப்புளிகள் எடைக்கு எடை கிடைப்பதுண்டு. துருவைக் கண்டு அஞ்ச வேண்டா. அது தேய்த்தால் போகும். உடலில் விரிசல் இருந்தால் வாங்க வேண்டா. பக்கச் சுவர் அடித்தளத்துக்குச் செங்குத்தா என்று மூலைமட்டத்தால் பாருங்கள். வேலி, கம்பி, ஆழத்தடை மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கழற்றி எடுக்கும் உறுப்புகள் ஆதலால் இவைதாம் முதலில் தொலையும். நல்ல உடலுக்கு வேலி இல்லையென்றாலும் பாதகமில்லை. நம் பாட்டனார் செய்ததுபோல் பட்டி அறைந்து ஓட்டலாம்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். வெளிமாநிலத்து மரக்கடையில் பெயர் தெரியாமல் நம்மவர் இடர்ப்படுவதைக் கண்டிருக்கிறோம். கன்னடத்தில் ‘ஹொன்னே’ என்பது நம் வேங்கை; ‘மத்தி’ என்பது கருமருது; ‘சாகுவானி’ தேக்கு; ‘பேவு’ வேம்பு; ‘ஹலசு’ பலா. காடிக்குத் தேக்கு மிக இணக்கம். வேங்கையும் நன்று, கூர் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். எந்த மரமாயினும் ஈரம் உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் எவ்வளவு நேர்த்தியாக எடுத்த காடியும் கோடையில் முறுக்கிக்கொள்ளும். படிந்த கதவுகள் பல்லிளிக்கும்.

கண்ணாடி பொருத்துவதாக இருந்தால், கண்ணாடியைக் காடியின் அளவுக்கு ஒரு நூல் குறைவாக அறுக்கச் சொல்லுங்கள். காடிக்கு முதலில் ஆளிவிதை எண்ணெயை ஒருமுறை பூசி உலர விடவேண்டும். பூசாவிட்டால் உலர்ந்த மரம் மக்கிலுள்ள எண்ணெயைக் குடித்துவிடும். மக்கு வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். சுண்ணாம்புப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மக்கைக் காடியின் தரையில் மெல்லிய படுக்கையாக இட்டு, அதன்மேல் கண்ணாடியை வைத்து ஓரங்களில் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் உடையும். சிறு ஆணிகளால் நிறுத்தி, வெளிப்புறம் மக்கைச் சரிவாக வழித்துவிடுங்கள். மேலே தோல் கட்டி இறுகும் வரை, சில நாட்களேனும், வண்ணம் பூசாமல் விட்டுவையுங்கள்.